சக்கரவர்த்தியின் கருகிய சட்டை

"என் கடைசி அத்தியாயத்தைத் திருடிட்டா" என்றார் குற்றக்கதைச் சக்கரவர்த்தி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். பக்கவாட்டில் பார்த்தால்தான் முகம் எடுப்பாக இருக்கிறது என்று எந்தப் புகைப்படக்காரனோ சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். நாங்கள் வந்ததிலிருந்து அந்த மனுஷன் எங்களுக்கு ஒரு காதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி என்ற பட்டத்தை வாசகர்கள் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு புத்தக அட்டையிலும் கதையின் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் அது இருக்கும்.

அறையில் ஐந்து பேர் இருந்தோம். சோபாவின் விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக, அவருடைய தொடர்கதையை வெளியிடும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர். கதவோரம் சக்கரவர்த்தியின் மனைவி. நாற்காலியில் துப்பறிவாளர், அதாவது என் மாமனார். அவருக்குப் பின்னால், அவர் மகளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உதவியாளனாக நான்.

மாமனார் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். எனக்கு வேலை போய், அவர் மகள் கண்ணைக் கசக்கியதும் என்னைச் சேர்த்துக்கொண்டார். என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மரியாதையெல்லாம் அந்த 'ங்க'வில் முடிந்துவிடும்.

"யார் எடுத்தது?" என்றார் மாமனார்.

"என் மச்சினி. இவ தங்கச்சி. ரொம்ப வருஷமா எங்களோடதான் இருந்தா. நான் எழுதறதை அழகா நகல் எடுத்துக் குடுப்பா. கையெழுத்து நல்லா இருக்கும், வேற ஒரு மண்ணும் தெரியாது. நேத்து காலைல பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. போகும்போது மேஜைல இருந்த அத்தியாயத்தையும் சுருட்டிட்டா."

"சாயங்காலம் அச்சுக்குப் போகணும் சார்" என்றார் ஆசிரியர். "கதைல வர்ற முதலாளியைக் கொன்னது யாருன்னு ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. கடைக்காரங்க எல்லாம் ரெண்டு மடங்கு பிரதி கேட்டிருக்காங்க. அந்த எட்டுப் பக்கம் காலியா இருந்தா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுருவாங்க."

சக்கரவர்த்தி காதை எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார். "சாயங்காலத்துக்குள்ள அத்தியாயம் வரணும். வரலேன்னா நேரா போலீஸ்தான். திருடின்னு பேப்பர்ல போட்டோவோட வரும். அப்புறம் எந்தப் பத்திரிகைக்காரன் அவளை வாசல்ல நிக்க விடறான்னு பார்த்துடறேன்."

"நகல்தானே எடுக்கறாங்க? அவங்க எதுக்குப் பத்திரிகை வாசல்ல போய் நிக்கணும்?" என்றார் மாமனார்.

சக்கரவர்த்திக்கு இருமல் வந்தது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, விடுங்க. உங்க கதை, உங்க மூளை. உட்கார்ந்து திரும்ப எழுதிட வேண்டியதுதானே?"

"ஐயா, இது உங்க இன்சூரன்ஸ் கணக்கு இல்ல. இது கலை. அருவி மாதிரி. ஒரு தடவைதான் விழும்."

ஒரே தடவை விழுந்துவிட்டு நின்றுபோகும் அருவியைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வாயைத் திறந்தேன். மாமனார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மாமனார் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். அப்படி ஒரு பளபளப்பை நான் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளில்கூடப் பார்த்ததில்லை. தங்க மூடி போட்ட பேனா இருந்தது. மையைத்தான் காணோம். குப்பைக்கூடையில் ஒரு கசங்கிய தாள் கிடையாது. பக்கத்தில் மேஜை துடைக்கும் துணி ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. மாமனார் அதை எடுத்து உதறினார். கத்தியால் கீறினாற்போல இஸ்திரி மடிப்பு. ஓரத்தில் லாண்டரிக் கடையின் துண்டுச் சீட்டுகூட ஊக்கில் குத்தியபடி இருந்தது.

சக்கரவர்த்தி அப்போது முழுதாக ஜன்னலுக்குத் திரும்பினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கறை. ஒரு காதை மட்டும் காட்டிக்கொண்டு வாழ்கிறவருக்கு முதுகில் இருப்பது எப்படித் தெரியும்?

"இந்தத் துணியெல்லாம் யார் லாண்டரிக்குப் போடறது?" என்று மனைவியைக் கேட்டார் மாமனார்.

"என் தங்கச்சிதான். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மூட்டையோட கிளம்பிடுவா."

"வீட்ல வாஷிங் மெஷின் இல்லையா?"

"புதுசாவே இருக்கு. மெஷின்ல போட்டா வெளுப்பு பத்தலைம்பா. அந்தக் கடைக்காரன் என்னடான்னா வாரத்துக்கு ஒரு சட்டையைக் கருக்கி அனுப்பறான். வேற கடை பாருடின்னா காதுலயே போட்டுக்க மாட்டா." அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவதான், இல்லேங்கலை. அதுக்காக அவர் எழுத்துல கை வைக்கலாமா? ஒரு வாரம்கூட விடாமப் படிக்கறவ நான். அவர் எழுத்துன்னா எனக்கு உசுரு. எங்கிருந்தாலும் அவளைப் பிடிச்சுக் கொண்டாங்க."

மாமனார் துணியைச் சீட்டோடு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை."

காரில் ஏறியதும் கேட்டார். "மேஜை துடைக்கற துணிக்கு எதுக்கு இஸ்திரி?"

"சுத்தக்காரியா இருக்கலாம் மாமா."

"சுத்தக்காரி கருக்கற கடைக்குத் திரும்பத் திரும்பப் போவாளா?"

யோசித்தேன். "அப்ப கடைக்காரன் பார்க்க லட்சணமா இருப்பான்."

"உங்க புத்தி வேற எங்க போகும்! நீங்க படிக்கற குப்பை அப்படி." பின் சீட்டில் கிடந்த என் பழைய வாரப் பத்திரிகைகளைக் கையை நீட்டி எடுத்தார். "இதுதானே அந்தக் கதை? நடக்காததை ஒருத்தன் உட்கார்ந்து எழுதறான். அது நடக்காததுன்னு தெரிஞ்சும் இன்னொருத்தன் காசு குடுத்துப் படிக்கறான். இதுல யார் பெரிய முட்டாள்னு எனக்கு இன்னிவரைக்கும் பிடிபடலை."

நான் காரை ஓட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தார். முதல் இதழுக்கு 'ஹும்' என்றார். இரண்டாவதற்கும் 'ஹும்'. அப்புறம் சத்தமே இல்லை. திரும்பும் இடம் வந்ததும் வழி கேட்டேன். 'சும்மா இருங்களேன்' என்று எரிந்து விழுந்தார். லாண்டரி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றேன். பக்கம் முடிகிறவரைக்கும் அந்த மனிதர் காலை வெளியே வைக்கவில்லை.

லாண்டரியில் நீண்ட மேஜைகளுக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவி கண்ணாடியிலெல்லாம் படிந்திருந்தது. மாமனார் சீட்டை நீட்டினார். முதலாளி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எழுத்தாளர் அம்மா வீட்டுத் துணியா? மேலதான் இருக்காங்க, போங்க. சத்தம் போடாமப் போங்க, எழுதறாங்க."

நான் மாமனாரைப் பார்த்தேன். 'அம்மா' என்ற சொல் அவருக்கும் கேட்டிருந்தது.

மேலே ஒரே ஓர் அறை. கீழேயிருந்து ஆவி ஏறித் தரை வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டி ஒன்று திறக்காமல் மூலையில் கிடந்தது. குப்பைக்கூடை நிரம்பி, கசங்கிய தாள்கள் தரையில் உருண்டுகொண்டிருந்தன. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. எங்களைக் கண்டு பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டாள்.

"அத்தான் அனுப்பினாரா?"

"ஆமாம்மா. கடைசி அத்தியாயத்தை நீங்க திருடிட்டீங்களாம். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா திருடின்னு பேப்பர்ல போடுவாராம்" என்றார் மாமனார்.

"நான் இன்னும் அதை எழுதவே இல்லையே. இல்லாததை எப்படிங்க திருடறது?"

"நீங்க நகல் எடுக்கறவங்கன்னு சொன்னார்."

அவள் சிரித்தாள். அதில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "முதல் ரெண்டு கதை அவர்தான் எழுதினார். எவனும் வாங்கலை. மூணாவதுல இருந்து நான். அந்த வீட்டு மேஜை போட்டோ எடுக்கறதுக்குத்தான். அதுல வெச்சு ஒரு வரி எழுத விடமாட்டார், கீறல் விழுந்துடுமாம். அதனால அழுக்கு இருந்தாலும் இல்லேன்னாலும் ஒரு மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடுவேன். எழுதினதைக் கீழ போய்ப் படிச்சுக் காட்டுவேன். இஸ்திரி போடற கை நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அத்தியாயம் தேறாது, கிழிச்சுப் போட்டுடுவேன். கேட்டுக்கிட்டே பெட்டியை எடுக்க மறந்து ஒரு சட்டை கருகினா நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். அத்தான் சட்டையை மட்டும் கருக்குங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இத்தனை நாளில் எத்தனையோ விமர்சகர்களைப் படித்திருக்கிறேன். இதைவிட யோக்கியமான விமர்சனத்தை நான் கண்டதில்லை.

"எழுதினதை அவர் படிப்பாரா?" என்று மாமனார் கேட்டார்.

"கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். போன மாசம் கதைல ஓர் எழுத்தாளனைக் கொண்டு வந்தேன். மீசைக்கு மை பூசுவான், யார் வந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பி நிப்பான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். அக்கா படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. யாருன்னு தெரியாமலேயே."

நானும்தான் சிரித்திருந்தேன். சக்கரவர்த்தி காட்டிய ஒற்றைக் காதை இந்தக் கதையில்தான் முன்பே படித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் பிடிபட்டது.

"இந்த ஒரு கதைக்கு மட்டும் என் பேரைப் போடுங்கன்னு கேட்டேன்" என்றாள் அவள். கொண்டைப் பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "உன் பேரைப் போட்டா கடலை மடிக்கக்கூட எவனும் வாங்கமாட்டான்னார். அக்கா எதிர்ல இல்ல. அவளுக்கு எதுவுமே தெரியாது. அவர்தான் எழுதறார்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அவ வாழ்க்கை, அதை எதுக்குக் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்ப என்னைத் திருடின்னு எழுதப் போறாராமே? எழுதட்டும். அதுக்கப்புறம் நான் எதைக் கொண்டுபோனாலும் 'இது யார்கிட்ட அடிச்சது?'ன்னுதானே கேட்பாங்க? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க. இதையும் பிடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு விஷயம். முதலாளியைக் கொன்னது யாரும்மா?"

"ஏன், அத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரா?"

"சேச்சே. நான்... சும்மா. வர்ற வழியில படிச்சேன்."

"அப்ப எல்லாரையும் மாதிரி பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருங்க" என்றாள். "பேரைப் போடறதா இருந்தா இங்க போன் பண்ணச் சொல்லுங்க. அச்சுக்குப் போறதுக்குள்ள எழுதி முடிச்சுடுவேன். என் மண்டைலதான் இருக்கு."

படியிறங்கும்போது எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போல இருந்தது. செத்தவனைக் கொன்றது யார் என்று தெரியாமல் துப்பறிவாளரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. தன் கதையில் கொலைகாரன் யார் என்று தெரியாமல் துப்பறிவாளரை அமர்த்திய எழுத்தாளரை உலகம் இப்போதுதான் பார்க்கிறது. அதற்கு மச்சினியைத் திருடி என்று வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. தூ.

மாமனார் சிரிக்கவில்லை. கீழே போய், சக்கரவர்த்தி வீட்டுத் துணிகளைக் கட்டிவைத்திருந்த பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

திரும்பிப் போனபோது ஆசிரியர் சோபாவிலிருந்து எழுந்து அறையை அளந்துகொண்டிருந்தார். மனைவி அதே கதவோரத்தில் இருந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததும் சக்கரவர்த்தி முதன்முறையாக இரண்டு காதையும் காட்டினார்.

"கிடைச்சுட்டதா? குடுங்க, குடுங்க!"

"இருங்க" என்றார் மாமனார். "இன்சூரன்ஸ்ல ஒரு பழக்கம் உண்டு. தொலைஞ்ச நகை கிடைச்சா, வந்து கேட்கறவர்கிட்ட முதல்ல நகை எப்படி இருக்கும்னு கேட்போம். சரியாச் சொல்லிட்டா அவரோடது. நீங்க சரியாச் சொல்லிட்டா அந்தம்மா திருடிதான், நானே போலீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். முதலாளியைக் கொன்னது யாரு? தம்பியா, டாக்டரா, டிரைவரா?"

எனக்கு விக்கல் வந்தது. மாமனார் என் காலை அழுத்தி மிதித்தார்.

சக்கரவர்த்தி கண்ணை மூடினார். மீசையைத் தடவினார். மூன்று பேரில் ஒருவன்தானே, அள்ளிவிட்டால் போயிற்று என்று அவர் நினைத்தது அந்த மை பூசிய மீசையிலேயே தெரிந்தது.

"டிரைவர்!" என்றார். "ஒருத்தனும் எதிர்பார்க்கமாட்டான்."

"டிரைவரா?" என்றாள் மனைவி.

ஆசிரியர் சோபாவில் மெல்ல உட்கார்ந்தார்.

"டிரைவர் செத்து, அதுக்கப்புறம்தானேங்க முதலாளியே செத்தாரு?" என்றாள் அவள்.

"அவன் சாகலை. அதான் திருப்பம்" என்றார் சக்கரவர்த்தி வேகமாக. "உனக்கு என்ன தெரியும்? உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. கதவை விட்டு அறைக்குள் வந்தாள். "எரிச்சாச்சுங்க. அவன் பொண்டாட்டி சாம்பலை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போறா. அந்த வாரம் நான் விடிய விடிய அழுதேன். பக்கத்துல படுத்திருந்த நீங்க, 'யாருடி செத்தது?'ன்னு கேட்டீங்க. எழுதினவரே இப்படிக் கேட்கறாரே, நம்மளைச் சிரிக்க வைக்கத்தான் கேட்கறார்னு நினைச்சுக்கிட்டேன். நிஜமாவே தெரியாமத்தான் கேட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கு விக்கல் நின்றுவிட்டது. "யார் எழுதினது? அவளா?"

சக்கரவர்த்தியின் முதுகிலிருந்த கறை மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "இதுல உங்க சட்டைங்கதான் இருக்கு சார். அத்தியாயம் அவங்க தலைக்குள்ள இருக்கு. பேரைப் போட்டா எழுதுவாங்க, இல்லேன்னா இல்ல." பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். "உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லையா?"

ஆசிரியருக்கு வெட்கமே இல்லை. "தெரியாம இருக்குமா சார்? இவர் பேச்சுல இவரைத் தவிர வேற யாரும் இருக்கமாட்டாங்க. கதைல எல்லாரும் இருக்காங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். இந்தப் பேருக்கு ஒரு மார்க்கெட் இருக்கு. ஜனங்க பேரைத்தான் சார் வாங்கறாங்க, கதையை இல்ல."

"அப்ப எட்டுப் பக்கத்துக்கும் பேரையே அடிச்சு வித்துடுங்களேன்" என்றேன் நான்.

மாமனார் என் காலை மிதிக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

"கடைசில பொடி எழுத்துல 'உதவி'ன்னு அவங்க பேரைச் சேர்த்துக்கலாம்" என்று ஆசிரியர் பேரம் பேசிப் பார்த்தார். மாமனார் நாற்காலியில் சாய்ந்து, மடித்து வைத்திருந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குள்ளிருந்த வியாபாரி அவருக்குள்ளிருந்த கோழையை ஜெயித்தான். போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார்.

"நான்தான் பேசறேன். கதைத் தலைப்புக்குக் கீழ இருக்கற பேரைத் தூக்கிடு. ஆமாம்யா, போட்டோவையும்தான். வேற பேர் வருது. இரு, சொல்றேன்." ரிசீவரைப் பொத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினார். "அவங்க பேர் என்ன?"

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆசிரியர் சக்கரவர்த்தியைப் பார்த்தார்.

"அவளை நாங்க..." என்று ஜன்னலிடம் சொன்னார் சக்கரவர்த்தி. "பாப்பான்னுதான் கூப்பிடுவோம்."

மனைவி நடந்து வந்து ஆசிரியர் கையிலிருந்து போனை வாங்கினாள். அப்பா பேரின் முதலெழுத்தில் தொடங்கி, தங்கையின் பேரை ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். குரல் மட்டும் பிசகவில்லை.

முடித்துவிட்டு, "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கத்து ஆள் சொல்லி முடிக்கிறவரைக்கும் போனை வைக்கவில்லை.